போனவன் திரும்பி வரும் கதை

ராஜா ராணிப் படங்களில் அடுத்தாற்போல் என்ன நடக்கும் என்பது கொட்டகைக்கு வருகிற எல்லோருக்கும் முன்னதாகவே தெரியும். ஏழைக் குடும்பத்தில் ஒரு வாலிபன் இருப்பான். அவனுக்குத் தாயார் ஒருத்தி இருப்பாள். தற்செயலாக ஓர் இராஜகுமாரியைக் காண்பான். அரசன் ஒரு நிபந்தனை போடுவான். அது மனிதரால் முடியாத காரியமாக இருக்கும். விகடம் பேசும் தோழன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு வாலிபன் புறப்படுவான். வழியில் ஒரு முனிவரோ, கிழவியோ, சாபத்தினால் மிருகமாய்க் கிடக்கும் ஒரு தேவகன்னிகையோ அவனுக்கு ஓர் இரகசியத்தைச் சொல்லிவிடுவார்கள். குகை, பூதம், புலி, மந்திரவாதி எல்லாம் வரிசைக் கிரமமாக வந்து போகும். மந்திரவாதியின் உயிர் ஏழு கடலுக்கு அப்பால் ஒரு கிளியினிடத்தில் இருக்கும். கடைசி ரீலில் நம் வாலிபன் கைநிறையப் பொருளும் பக்கத்தில் இராஜகுமாரியுமாக ஊர் திரும்புவான். தாயார் கண்ணைத் துடைத்துக் கொள்வாள். சுபம்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் ஜனங்கள் காசு கொடுத்துப் போய் ஏன் பார்த்தார்கள் என்று படித்தவர்கள் சிலர் கேட்பதுண்டு. தேர் எந்த வீதியில் திரும்பும் என்று தெரிந்தவர்கள்தாம் முன்னதாகவே அந்த முனையில் போய் இடம் பிடித்து நிற்கிறார்கள். தெரிந்த ஒன்று தவறாமல் நடப்பதைப் பார்ப்பதில் ஒரு நிறைவு இருக்கிறது. கதை கேட்பவர்களுக்கும் அப்படித்தான்.

இந்த வரிசை சினிமாக்காரர்கள் கண்டுபிடித்ததல்ல. டாக்கி வருவதற்கு வெகு காலம் முன்பே, விக்கிரமாதித்தன் கதையும் மதனகாமராஜன் கதையும் மலிவுப் பதிப்புகளாகச் சந்தைகளில் விற்றுக்கொண்டிருந்தன. மதனகாமராஜன் கதைகளை நடேச சாஸ்திரியார் 1886-லேயே ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டு, அவை வெள்ளைக்காரர் கைக்கும் போய்ச் சேர்ந்தன. 1951-ல் விஜயா ஸ்தாபனத்தார் தெலுங்கிலும் தமிழிலும் எடுத்த 'பாதாள பைரவி' படத்தைப் பாருங்கள். உஜ்ஜயினி இராஜகுமாரியை விரும்பிய தோட்டக்காரன் மகன், தன்னைப் பலி கொடுக்க அழைத்துப் போன நேபாள மந்திரவாதியையே பலி கொடுத்து, கேட்டதைக் கொடுக்கும் பதுமையைப் பெறுகிறான். இதற்கு ஆதாரம் 'காசி மஜிலி' கதைகள். காசி யாத்திரை போகிறவர்கள் தங்கும் ஒவ்வொரு மஜிலியிலும் ஒரு கதை என்று அமைந்த தெலுங்குத் தொகுதி அது. அதோடு அலாவுதீன் விளக்கின் வெளிச்சமும் கொஞ்சம் கலந்திருக்கிறது. 1955-ல் ராமண்ணா டைரக்ட் செய்து எம்.ஜி.ஆர். நடித்த 'குலேபகாவலி'யோ பாரசீகத்திலிருந்து உருதுவுக்கு வந்து, அங்கிருந்து இந்திய பாஷைகள் பலவற்றிலும் பரவிய கதை. அரசனுக்குக் கண் போயிற்று. பகாவலி நாட்டு மலர் கிடைத்தால்தான் பார்வை திரும்பும். மூத்த குமாரர்கள் வழியில் ஒரு தாசியிடம் சூதாடித் தோற்றுப்போவார்கள். இளையவன் அவள் தந்திரத்தைக் கண்டுபிடித்து ஜயிப்பான்.

ருஷ்ய தேசத்தில் விளாதிமிர் பிராப் என்ற அறிஞர், நூறு மாயக் கதைகளை எடுத்து அலசி, 1928-ல் ஒரு நூல் எழுதினார். அவருடைய கணக்கில் இத்தகைய கதைகளில் முப்பத்தொரு நிகழ்ச்சிகளே உண்டு; எல்லாக் கதையிலும் எல்லாம் வராது, ஆனால் வருகிறவை மாறாத வரிசையில் வரும். ஒரு குறை ஏற்படுதல், வீரன் வீட்டை விட்டுப் புறப்படுதல், துணை செய்பவர் ஒருவரைச் சந்தித்தல், மாயப் பொருளைப் பெறுதல், போராடுதல், வெல்லுதல், திரும்புதல், கடைசியில் கல்யாணம். உஜ்ஜயினியைக் காணாத ருஷ்யக் குடியானவனும், ருஷ்யப் பனியைக் காணாத நம் கூத்தாடியும் ஒரே ஏணியின் படிகளில் ஏறியிருக்கிறார்கள்!

இந்த விதிகளுள் மிகவும் கெட்டியானது எது என்று கேட்டால், திரும்பி வருவதுதான் என்று சொல்வேன். பூதம் இல்லாமல் கதை நடக்கும். கிளி இல்லாமலும் நடக்கும். போனவன் வராவிட்டால் நம் ஜனங்கள் பெஞ்சியை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள். இதோடு சேர்ந்த துணை விதி ஒன்றும் உண்டு: போகிறவன் ஆண்பிள்ளை, காத்திருப்பவள் பெண்பிள்ளை.

இந்த இரண்டு விதிகளையும் சொந்த அநுபவத்தில் சோதித்துப் பார்த்த ஓர் ஊர் காவேரிக் கழிமுகத்தில் இருக்கிறது. அரசலாறு கடலில் கலக்கும் இடத்தில் உள்ள காரைக்கால்தான் அது. சுமார் 160 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சின்னஞ்சிறு பிரதேசம். தஞ்சை மராட்டிய மன்னர் சாகுஜியோடு ஏற்பட்ட பேச்சின் பலனாக 1739-ல் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. இடையிடையே ஆங்கிலேயர் கைக்குப் போவதும் வருவதுமாக இருந்து, 1817-ல் நிலையாகப் பிரெஞ்சுக்காரருக்குத் திரும்பிற்று. 1954 நவம்பர் முதல் தேதி இந்திய நிர்வாகத்துக்கு வந்து, 1962 ஆகஸ்டில் சட்டப்படியும் இந்தியாவோடு இணைந்தது.

பிரெஞ்சுக்காரர் தலைகாட்டுவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே காரைக்காலுக்குச் சொந்தமாக ஒரு கதை இருந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் அதைப் பெரிய புராணத்தில் விரித்துச் சொல்லியிருக்கிறார். வணிகர் தலைவன் தனதத்தன் மகள் புனிதவதி. அவளை மணந்தவன் நாகப்பட்டினத்து நிதிபதியின் மகன் பரமதத்தன். கணவன் அனுப்பிய இரண்டு மாங்கனிகளில் ஒன்றை அவள் சிவனடியார் ஒருவருக்கு அமுதோடு படைத்துவிடுகிறாள். கணவன் இரண்டாவது கனியையும் கேட்க, இறைவனை நினைத்து நிற்கும் அவள் கையில் ஒரு கனி வருகிறது. அதன் ருசி வேறாக இருக்கவே அவன் விசாரிக்கிறான். உண்மையைச் சொன்னதும், 'இன்னும் ஒன்று வருவித்துக் காட்டு' என்கிறான். அதுவும் வருகிறது, அவன் கையில் வாங்கியதும் மறைகிறது. பரமதத்தனுக்குப் பயம் பிடித்துக்கொள்கிறது. 'இவள் மானிடப் பெண் அல்லள்' என்று நினைக்கிறான். வாணிபம் செய்யப் போவதாகச் சொல்லிக் கப்பல் ஏறுகிறான்.

இதுவரை ராஜா ராணிக் கதைக்கு வேண்டிய சாமக்கிரியைகள் எல்லாம் இருக்கின்றன. மாயப் பொருள் இருக்கிறது. கடல் யாத்திரை இருக்கிறது. வீட்டில் காத்திருக்கும் மனைவியும் இருக்கிறாள். பரமதத்தன் கடல் கடந்து பெரும் பொருள் சம்பாதித்தும் விடுகிறான். பிறகு என்ன நடக்கவேண்டும்? அரசலாற்று முகத்துவாரத்தில் கப்பல் வந்து நிற்க வேண்டும் அல்லவா? நிற்கவில்லை. அவன் பாண்டி நாட்டில் இறங்கி, அங்கேயே ஒரு வணிகர் பெண்ணை மணந்து, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயரும் வைத்துக் குடித்தனம் நடத்துகிறான். செய்தி தெரிந்து சுற்றத்தார் புனிதவதியைப் பல்லக்கில் ஏற்றிக் கொண்டுபோய் விடுகிறார்கள். அவன் புது மனைவியோடும் குழந்தையோடும் அவள் காலில் விழுகிறான். அவளைத் தெய்வம் என்று கும்பிட்டான்; மனைவியாக ஏற்கவில்லை.

இங்கேதான் இரண்டாவது விதியும் உடைகிறது. காத்திருந்த பெண் புறப்படுகிறாள். 'இவனுக்காகச் சுமந்த அழகு இனி வேண்டாம்' என்று பேய் வடிவம் கேட்டு வாங்கிக்கொண்டு, கைலாசத்தைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்து ஏறுகிறாள். சிவபெருமான் அவளை 'அம்மை' என்று அழைக்கிறார். வாலிபனுக்கு இராஜகுமாரி கிடைப்பதைப் போல, அவளுக்குத் திருவாலங்காட்டில் ஆடும் திருவடியின் கீழ் என்றும் இருக்கும் பேறு கிடைக்கிறது. அவள் பாடியவை இன்றைக்கும் இருக்கின்றன. நாட்டுப்புறக் கதைகளை ஆராய்ந்த ஏ. கே. இராமானுஜன் ஒன்று கவனித்துச் சொன்னார்: ஆண் வீரனின் கதை கல்யாணத்தில் முடிகிறது, பெண்ணை நடுவில் வைத்த கதையோ கல்யாணத்துக்குப் பிறகுதான் ஆரம்பமாகிறது. காரைக்கால் அம்மையார் கதை இதற்குச் சரியான சாட்சி. 1973-ல் ஏ. பி. நாகராஜன் இதைப் படமாக எடுத்தபோது, இளைய புனிதவதியாக லட்சுமியும் அம்மையாராக கே. பி. சுந்தராம்பாளும் நடித்தார்கள். இரண்டு பேர் நடிக்கவேண்டியிருந்ததே, அந்தப் பெண் எவ்வளவு தூரம் போனாள் என்பதைக் காட்டிவிடுகிறது.

புராணம் என்று இதை ஒதுக்கிவிடலாம். ஆனால் கப்பலில் போனவன் திரும்பாத கதை காரைக்காலில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சரித்திரமாகவே நடந்தது.

1848-ல் பிரான்ஸ் தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்தது. மேற்கிந்தியத் தீவுகளான மார்த்தினிக்கிலும் குவாதலூப்பிலும் கரும்பு வெட்ட ஆள் தேவைப்பட்டது. தோட்டக்காரர்களின் பார்வை இந்தியாவின் பக்கம் திரும்பிற்று. 1853 மே மாதம் 'ஒரேலி' என்ற கப்பல் முதல் இந்தியக் கூலிகளை மார்த்தினிக்கில் கொண்டு இறக்கிற்று. அடுத்த வருஷம் டிசம்பரில் அதே கப்பல் குவாதலூப்புக்கு ஆட்களைக் கொண்டு போயிற்று. பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் கப்பல்கள் ஓடின. குவாதலூப்புக்கு ஏறத்தாழ 42,000 பேர். மார்த்தினிக்குக்கு ஏறத்தாழ 25,000 பேர். இந்துமகா சமுத்திரத்தில் உள்ள ரீயூனியன் தீவுக்குப் போனவர்கள் வேறு. இவர்கள் கப்பல் ஏறிய துறைகளில் புதுச்சேரியும் காரைக்காலும் முக்கியமானவை. காரைக்காலுக்கு வந்து ஏறியவர்களில் பலர் சுற்றியிருந்த ஆங்கிலேயச் சீமையின் ஜில்லாக்களிலிருந்து வந்தவர்கள்.

பிராப் வகுத்த படிகளை இங்கே வைத்துப் பாருங்கள். முதலில் குறை. கதையில் அரசனுக்குக் கண் தெரியாது. இங்கே வயிற்றுக்குச் சோறு இல்லை. 1876 முதல் 1878 வரை நடந்த பெரும் பஞ்சம் சென்னை மாகாணத்தையே உலுக்கிற்று. அடுத்து, வழியில் சந்திக்கும் துணைவன். கதையில் அவன் முனிவர். இங்கே ஆள் பிடிக்கும் தரகன். தீவில் கிடைக்கப்போகும் சம்பளத்தைப் பற்றி அவன் சொன்ன வர்ணனை எந்த மந்திரவாதியின் ஜாலத்துக்கும் இளைத்ததாக இராது. பிறகு ஏழு கடல். நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு பாய்க்கப்பலில் சுமார் மூன்று மாதப் பிரயாணம். அப்புறம் சோதனை: ஐந்து வருஷ ஒப்பந்தம்.

கடைசிப் படியும் அந்த ஒப்பந்தத்தில் இருந்தது என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். காலம் முடிந்ததும் செலவில்லாமல் ஊர் திரும்பும் உரிமை கூலிக்கு உண்டு என்று எழுதியிருந்தார்கள். கதைகளின் மிகப் பழைய விதி, முத்திரை போட்ட காகிதத்தில் ஏறிவிட்டது. நடந்ததோ வேறு. பலர் தோட்டங்களிலேயே மாண்டார்கள். பலர், மறுபடியும் ஒப்பந்தம் செய்துகொண்டால் கிடைக்கும் வெகுமதிப் பணத்துக்காகத் திரும்பும் நாளைத் தள்ளிப்போட்டார்கள். தள்ளிப்போட்ட நாள் வரவேயில்லை. குவாதலூப்புக்குப் போனவர்களில் ஊர் திரும்பியவர்கள் சிறு பகுதியே. காவேரிக்கரைக் கிராமங்களில் எத்தனை தாய்மார்கள் கடைசி ரீலுக்காகக் காத்திருந்தார்கள் என்பதற்குக் கணக்கு வைத்தவர் யாரும் இல்லை.

கதையின் துணைவனைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லவேண்டும். காரைக்காலுக்குத் தெற்கே, கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க அண்மையில் நாகூர் இருக்கிறது. அங்கே அடங்கியிருக்கும் சாகுல் ஹமீது ஆண்டவர், நடுக்கடலில் ஓட்டை விழுந்து தத்தளித்த கப்பலைத் தம் கையிலிருந்த கண்ணாடியை வீசி அடைத்துக் காப்பாற்றினார் என்பது இந்தக் கரையில் எல்லா மதத்தாரும் சொல்லும் கதை. கூலிக் கப்பலில் போனவர்கள் தங்கள் மாரியம்மனையும் மதுரைவீரனையும் நெஞ்சில் சுமந்து போனதைப் போல, இந்த ஆண்டவரையும் கொண்டு போனார்கள். மார்த்தினிக்கில் அவர்கள் சந்ததியார் மாரியம்மனுக்குப் பூஜை நடத்தும் இடங்களில் 'நாகூருமிரா'வுக்கும் கம்பம் நட்டுக் கொடி ஏற்றும் வழக்கம் வேரூன்றியது. நாகூர் மீரா என்பதுதான் நாவில் புரண்டு அப்படி ஆயிற்று. மதுரைவீரன் 'மால்தெவிலின்' ஆகிவிட்டான்! கடல் தாண்டும் வீரனுக்கு ஒரு தெய்வத் துணை வேண்டும் என்ற கதை விதியை, கப்பலின் அடித்தட்டில் படுத்திருந்தவர்கள் கைவிடவில்லை.

கதைகளையும் அவர்கள் விடவில்லை. ரீயூனியனில் இரவு முழுவதும் பாரதக் கதைகளை ஆடும் கூத்து ஒன்று வளர்ந்தது. அங்கே அதைத் 'தமிழ் நடனம்' என்ற பொருளில் 'பால் தமூல்' என்பார்கள். குவாதலூப்பில் 'நாட்ரோன்' என்று ஒன்று உண்டு. நாடகம் என்ற நம் சொல்தான் அப்படித் திரிந்தது என்பார்கள். கிரீடமும் தோள்கட்டையும் வைத்து விடிய விடிய ஆடும் அது, நம் தெருக்கூத்தின் கடல் கடந்த தம்பி. தலைமுறைகள் கழிந்து, வீட்டில் பேசுவது கிரயோல் பாஷையான பிறகும், பொருள் முழுதும் விளங்காமலே தமிழ்ப் பாட்டுக்களைப் பாடம் பண்ணி ஆடியிருக்கிறார்கள். வனவாசம் போன பாண்டவர்கள் பாரதத்தில் திரும்பி வந்தார்கள். அந்தக் கதையை ஆடியவர்கள் வரவில்லை.

இனி ஒரு வேடிக்கை. 1965-ல் பந்துலு எடுத்து எம்.ஜி.ஆர். நடித்த 'ஆயிரத்தில் ஒருவன்' வெளிவந்தது. நெய்தல் நாட்டு வைத்தியன் மணிமாறன், கலகக்காரர்களோடு சேர்த்துக் கன்னித்தீவில் அடிமையாக விற்கப்படுகிறான். அங்கிருந்து தப்பிக் கடற்கொள்ளைக்காரர்களிடம் அகப்பட்டு, வாளெடுத்து வென்று, எல்லோருக்கும் விடுதலை வாங்கித் தருகிறான். இதற்கு மூலம் சபாட்டினி 1922-ல் எழுதிய 'காப்டன் பிளட்' என்ற நாவலும், அதிலிருந்து வந்த 1935-ம் வருஷத்து ஆங்கிலப் படமும். அந்த நாவலின் வைத்தியன் எந்தத் தீவில் விற்கப்பட்டான் தெரியுமா? பார்படோஸ். மார்த்தினிக்குக்கு அண்டைத் தீவு! மேற்கிந்தியக் கரும்புத் தோட்டத்து அடிமைக் கதை ஆங்கிலத்தில் நாவலாகி, அமெரிக்காவில் படமாகி, தமிழில் ராஜா ராணிப் படமாகித் தஞ்சை ஜில்லாக் கொட்டகைகளுக்கு வந்து சேர்ந்தது. அதே கடலுக்கு, அதே கரும்புக்கு, நூறு வருஷத்துக்கு முன்னால் தங்கள் சீமையிலிருந்து ஆட்கள் போனதை அந்தக் கொட்டகைகளில் எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்? தீவுக்கு விற்கப்பட்டவன் வெற்றியோடு திரும்புவதைக் கண்டு கை தட்டினார்கள். அந்தக் கை தட்டலில் ஒரு பழைய கடன் கொஞ்சம் தீர்ந்திருக்கக்கூடும்.

எல்லோரும் வராமற் போனார்கள் என்று சொல்லிவிட்டால் அது காரைக்காலுக்குச் செய்யும் அநீதி. 1860-களில் பிரெஞ்சுக்காரர் தென் வியட்நாமில் காலூன்றிய பின், சைகோனுக்கு ஒரு நல்ல வழி திறந்தது. பிரெஞ்சுச் சட்டத்துக்கு உட்பட்டுப் புதுப் பெயர் வைத்துக்கொள்ள 1881-ல் ஓர் ஏற்பாடு வந்தது. அதன்படி 'ரெனோன்சான்' ஆனவர்களில் பலர் அங்கே சர்க்கார் உத்தியோகம் பார்த்தார்கள். காரைக்கால் முஸ்லிம் வணிகர்கள் கடை வைத்தார்கள். 1935-ல் அந்நகரின் நடுவே தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டிய பள்ளிவாசல் இன்றும் இருக்கிறது. இவர்களில் பலர் பணத்தோடும் பட்டோடும் ஊருக்கு வந்து போய்க்கொண்டிருந்தார்கள். கதையில் வரும் வாலிபனைப் போலவே வீடு கட்டினார்கள். தங்கைக்குக் கல்யாணம் செய்தார்கள்.

அந்த வியட்நாம் பக்கத்துத் தீவு ஒன்றைத்தான் செல்வராகவன் 2010-ல் எடுத்த மற்றொரு 'ஆயிரத்தில் ஒருவ'னும் தேடிப் போகிறது. 1279-ல் தப்பிப் பிழைத்த சோழ இளவரசனின் சந்ததியைத் தேடும் கதை. கடல், பாம்பு, பசி, புதைமணல் என்று ஏழு தடைகள் வரிசையாக நிற்கின்றன. பழைய ஏழு கடல்தான் இது. ஆனால் வீரனாக வருபவன் மூட்டை தூக்கும் ஒரு கூலி ஆள். மேலும், அவன் வெற்றியோடு வீடு திரும்பும் கடைசி ரீல் இந்தப் படத்தில் கிடையாது. முதலில் பலர் முகம் சுளித்தார்கள். பின்னாளில் அதற்கென்று ரசிகர்கள் பெருகினார்கள். மிகக் கெட்டியான விதியை உடைத்தவனுக்கு அவ்வளவு சுலபமாக மன்னிப்புக் கிடைக்காது.

அப்படியானால் திரும்பாதவனுக்குக் கதையே கிடையாதா? குவாதலூப்பில் ஆன்றி சிதம்பரோம் என்று ஒருவர் இருந்தார். சிதம்பரம் என்ற பெயர்தான் பிரெஞ்சுக் குமாஸ்தாவின் பேனாவில் அப்படி ஆயிற்று. 1863-ல் அங்கே ஒப்பந்தக் கூலிகளின் குடும்பத்தில் பிறந்தவர். தீவிலே பிறந்த இந்திய வமிசத்தார் பிரஜைகளா, அந்நியர்களா என்ற கேள்வி எழுந்தபோது, அவர்களுக்கு ஓட்டுரிமை உண்டு என்று 1904-ல் வழக்கில் இறங்கினார். பத்தொன்பது வருஷம் விடாமல் போராடி, 1923-ல் உரிமையைப் பெற்றார். 1952-ல் அந்த மண்ணிலேயே காலமானார். அவர் கையில் மந்திரப் பதுமை ஏதும் இல்லை. மனுக்களும் கோர்ட்டுக் காகிதங்களுமே இருந்தன. போனவர்கள் திரும்ப முடியாமற்போன இடத்தில், போன இடத்தையே ஊராக ஆக்கிக் கொடுத்தார். ராஜா ராணிப் படங்களின் விதிப்புத்தகத்தில் இப்படி ஒரு முடிவு இல்லை. காரைக்காலின் பழைய கதையில் இருக்கிறது. ஊருக்குத் திரும்பாமலே தன் பேற்றை அடைந்தவள்தானே அம்மையார்?

ஆனி மாதப் பௌர்ணமியில் காரைக்காலில் மாங்கனித் திருவிழா நடக்கிறது. மாடிகளிலிருந்து மாம்பழங்களை இறைக்க, கீழே கூட்டம் கையேந்திப் பிடிக்கிறது. அந்தக் கதையில் கணவன் திரும்பவில்லை என்பது கூட்டத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். தெரிந்தும் வருஷா வருஷம் வருகிறார்கள். சினிமாவில் வாலிபன் திரும்பி வருவதைப் பார்க்கவும் அதே ஜனங்கள்தாம் போனார்கள். வாழ்க்கை எப்படி முடிந்தது என்பதை ஒரு கதையும், எப்படி முடிந்திருக்க வேண்டும் என்பதை மற்றொரு கதையும் சொல்கின்றன. கடற்கரையில் குடியிருப்பவர்களுக்கு இரண்டும் வேண்டியிருக்கிறது.